நழுவிய தோள்

(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலயப் போதகர் ஆற்றிய உரை)



யாக்கோபுக்குத் தொடைச்சந்து விலகியதை ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அது ஆழமான கிண்ணத்துக்குள் அமர்ந்த மூட்டு, எளிதில் விலகாது. தோள் மூட்டோ சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போன்றது. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற வசதியாக அதன் குழி ஆழமில்லாதிருக்கிறது. ஆகையால் சரீரத்தின் பெரிய மூட்டுகளில் அதிகமாய் நழுவுவது இதுவே.

காசிமேட்டில் படகின் ஈரத் தளத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுகிறவருக்கும், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி பைக்கோடு சாய்கிறவருக்கும் இது நேரிடலாம். பெரும்பாலும் கை எலும்பின் தலை முன்பக்கமாக நழுவும். தோளின் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகும்.

கையை இருக்கும் நிலையிலேயே துண்டால் தாங்கிக் கட்டுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம். ஆகவே காபியோ சோறோ கொடுக்க வேண்டாம். "இழுத்துவிட்டால் சரியாகும்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். எலும்பும் முறிந்திருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். மூட்டை ஒட்டி ஓடும் நரம்பு முரட்டு இழுப்பில் பாதிக்கப்படலாம். புத்தூர் கட்டுக்குப் போக நினைப்பவரும் முதலில் எக்ஸ்ரே எடுக்கட்டும். அன்றைக்கே வந்தால் பெரும்பாலும் அறுவையின்றி முடியும். வாரக்கணக்கில் தாமதித்தால் அறுவையே தேவைப்படலாம்.

ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னே ஹிப்போகிரட்டஸ் அக்குளில் குதிகாலை வைத்துக் கையை இழுக்கும் முறையை விவரித்தார். 1870இல் சுவிட்சர்லாந்தின் கோக்கர் கையை மெதுவாகத் திருப்பும் முறையை எழுதினார். இன்று இன்னும் மென்மையான முறைகள் உண்டு. வலிக்கு மருந்து கொடுத்து, அவசரமின்றிச் செய்கிறார்கள். பயத்தில் தசை இறுகினால் மூட்டு அமராது. ஆகவே பக்கத்தில் நின்று, "மூச்சை மெதுவா விடு, தம்பி" என்று பேசிக்கொண்டிருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

மூட்டு அமர்ந்ததும் வலி வெகுவாய்க் குறையும். உண்மையான சோதனை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. சாதாரணமாக 2 முதல் 3 வாரம் ஸ்லிங், பிறகு பயிற்சி. பாரம் தூக்க ஏறத்தாழ 3 மாதம் ஆகும். தினக்கூலிக்காரர் அத்தனை நாள் எப்படிக் காத்திருப்பார்? வலியில்லை என்று நாலாம் நாளே வலை இழுக்கப் போனால் மறுபடி நழுவும். இளவயதினருக்கு அந்த ஆபத்து மிக அதிகம். பலமுறை நழுவினால் அறுவை தேவைப்படலாம். நாற்பதைக் கடந்தவருக்கோ தசைநார் கிழிந்திருக்கலாம். இரண்டு வாரமாகியும் கையைத் தூக்க முடியாவிட்டால் திரும்ப வந்து காட்ட வேண்டும்.

டாக்டரின் வேலை சில நிமிஷங்களில் முடிகிறது. மீதி வாரங்கள் குடும்பத்தின் கையிலும் சபையின் கையிலும் இருக்கின்றன. ஸ்லிங் கட்டிய கையோடு ஒருவர் ஆராதனைக்கு வந்தால், "வலி எப்படியிருக்கிறது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "வீட்டில் அரிசி இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.