இரவுச் சாலையில் விளக்கு மரியாதை

(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



வரப்பில் தலைச்சுமையுடன் ஒருவர் எதிர்ப்பட்டால் நாம் இறங்கி நின்று வழிவிடுகிறோம். இப்பண்பு இரவில் தார்ச்சாலையிலும் நிலவ வேண்டுமென்பதே நாம் இன்று கூற வந்தது.

மோட்டார் வண்டியின் முன்விளக்குக்கு இரு நிலைகள் உண்டு. தூரத்தைக் காட்டுவது 'பிரைட்'. அருகிலுள்ளதைக் காட்டுவது 'டிம்'. எதிரே வண்டி வரும்போதும், முன்செல்லும் வண்டியை நெருங்கித் தொடரும்போதும், தெருவிளக்கு எரியும் ஊருக்குள்ளும் டிம் செய்தல் அவசியம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிரொளியால் மூன்று விநாடிகள் கண் கூசினால், அவ்வோட்டுநர் 50 மீட்டர் தூரம் பாதை தெரியாமலே வருகிறார். அந்த 50 மீட்டருக்குள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் சைக்கிளில் செல்லும் நம் உழவர் ஒருவர் இருக்கலாம். கூசச் செய்தவர் சேதமின்றிப் போய்விடுவார், அடிபடுபவரோ மூன்றாமவர்! எதிரே வருபவர் டிம் செய்யாவிடினும், பதிலுக்கு நாமும் பிரைட்டைப் போடலாகாது. வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்தை நோக்கியவாறு செல்வதே தக்கது.

நாம் பிறரைக் காண்பது போலவே, பிறர் நம்மைக் காண்பதும் முக்கியம். மோட்டார் வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமென்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் தோகை தொங்கி அவ்விளக்கை மறைத்துவிடுகிறது. பாரம் ஏற்றியதும் பின்னால் சென்று பார்த்து, மறைக்கும் தோகையை அறுத்துவிட ஒரு நிமிஷம் போதும். முற்காலத்தில் பார வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே செல்லும். இன்று மாட்டு வண்டியின் பின்பலகையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டினால், எண்ணெயும் மின்சாரமுமின்றி அது ஒளிகாட்டும்.

இன்னொன்று: பழுதாகி நின்ற வண்டியைச் சுற்றி வைத்த கற்களை, வண்டி புறப்படும்போது அப்படியே விட்டுச் செல்கின்றனர். இருளில் அவை இருசக்கர வண்டிக்காரருக்கு எமனாகும். கல் வைத்தவரே அதை அகற்ற வேண்டும். சாலையில் உலர்த்தும் தானியத்தையும் அதன் ஓரக் கற்களையும் பொழுது சாயுமுன் எடுத்துவிடுதல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடை தொடங்குமுன், உங்கள் ஊர் வண்டிகள் அனைத்திலும் ரிஃப்ளெக்டர் ஒட்டச் செய்யுங்கள். ஊர் முகப்பிலும் சாலைச் சந்திப்பிலும் தெருவிளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். வளைவுகளில் பார்வையை மறைக்கும் கருவேலங் கிளைகளை வெட்டச் செய்யுங்கள்.

விளக்கைத் தாழ்த்துவதால் எவருடைய கௌரவமும் தாழ்ந்துவிடாது. எதிரே வருபவரும் வீடு போய்ச் சேர வேண்டியவரே.