குமுறலும் கூட்டுறவும்



கூட்டம் என்றதும் மேசையைத் தட்டி முழங்குவோரே நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் முழங்குவார்கள், நாமும் கைதட்டுவோம். மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகையில் குறை இருந்த இடத்திலேயே இருக்கும். கோபம் தவறென்று கூற நாம் வரவில்லை. கோபப்படாதவன் கண்ணுக்குக் குறையே தென்படுவதில்லை. அக்கோபம் அடுத்து எங்கே செல்கிறது என்பதே கேள்வி. நம் தோட்ட வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு.

1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல, மலாயாவிலிருந்த தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கிய தரகர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். முழுத் தோட்டமாக விற்பதைவிட அதில் இலாபம் மிகுதி. சிறு துண்டை வாங்கியவருக்குப் பழைய ஆட்கள் அத்தனை பேரும் தேவைப்படவில்லை. வேலை போயிற்று, வேலையோடு ஒட்டியிருந்த லயத்து வீடும் போயிற்று. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து விரிவாக எழுதியுள்ளார்.

மேடைகள் கொதித்தன, நியாயமே. ஆயினும், தோட்டத்தை விற்க உரிமையாளருக்குச் சட்டம் இடமளித்தது. கண்டனத் தீர்மானத்தைக் கேட்டுவிட்டு எந்தத் தரகர்தாம் பணத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பிப் போவார்? அவருக்கு எதிரே பணத்தோடு இன்னொருவர் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அந்த இன்னொருவர் தொழிலாளியாகவே இருக்கட்டும் என்று எண்ணியவர், அப்போது அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பங்கு ஒன்றுக்கு 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம்.

பத்து வெள்ளி அன்று பால்வெட்டுவோருக்குச் சில நாட்களின் கூலி. கடைப்பற்றும் அடகுச் சீட்டும் உள்ள வீட்டில் அதைத் தனியே எடுத்து வைப்பது எளிதன்று. முழங்குவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். இதற்கோ ஒவ்வொரு சம்பள நாளிலும் மனம் உறுதிப்பட வேண்டும். பிறகு கணக்கெழுதுதல், நிலம் பார்த்தல், விலை பேசுதல் என்று எத்தனையோ வேலைகள். அவற்றுள் ஒன்றுக்கேனும் கைதட்டல் கிடையாது! கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. அதன்பின் மேலும் பல தோட்டங்கள் சேர்ந்தன.

சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காத்துவிடவில்லை. துண்டாடலும் அதனால் முற்றிலும் நின்றுவிடவில்லை. அது வாங்கிய தோட்டங்கள் தரகர் கைக்குப் போகவில்லை, அவ்வளவே. அங்கே அடுப்பெரிந்த வீடுகளுக்கு அது சிறிய செய்தியா?

நம் லயங்களில் இன்றுள்ள குறைகள் அத்துணைப் பெரியவையல்ல. கூரை ஒழுகலாம், குழாயில் நீர் வராதிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் யாரேனும் இது குறித்து முழங்கினால் முழங்கட்டும். முடிந்ததும் அவரிடம் ஒரு தாளை நீட்டுவோம். எத்தனை வீடுகள், எந்தத் தேதியிலிருந்து, நிர்வாகிக்கு எழுதியது எப்போது, வந்த பதில் என்ன என்று அவரே எழுதட்டும், வீட்டுக்காரர்கள் கையொப்பமிடட்டும். நிர்வாகம் அசையாவிடில் அத்தாளைத் தொழிலாளர் இலாகாவுக்கு எடுத்துச் செல்லலாம். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்திற்கென 1990ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. அங்குள்ள அதிகாரி முதலில் கேட்கப்போவது வீட்டு எண்ணையும் தேதியையுமே.