கரிசல் நிலமும் களிமண் பூச்சும்



சித்திரை, வைகாசி மாதங்களில் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் பயணம் செய்தவர்கள், அங்குள்ள கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். சில வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரையில் இறங்கும். ஐப்பசி மழை பெய்ததும் அதே மண் நீரைக் குடித்து உப்பி, வெடிப்புகளைத் தானே மூடிக்கொள்ளும். அந்த வயலில் நடந்தவர் காலில் ஒட்டிய சேறு எளிதில் விடாது. முகத்திற் பூசும் களிமண்ணைப் பற்றிப் பேச வந்தவன் உழவு நிலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். இரண்டின் குணமும் ஒன்றே என்பதுதான் காரணம்.

கரிசல் மண்ணை இவ்வாறு சுருங்கவும் விரியவும் செய்வது மாண்ட்மோரிலோனைட் முதலிய களிமண் கனிமங்கள். பிரான்சு நாட்டில் இது கண்டறியப்பட்ட ஊரின் பெயரால் 1847-ஆம் ஆண்டில் இப்பெயர் பெற்றது. இக் கனிமம் ஏடு ஏடாக அமைந்தது. ஓர் ஏட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு கிராம் தூய கனிமத்தின் ஏடுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரையில் இடம் பிடிக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், அந்த ஒரு கிராமுக்குள் ஏறக்குறைய 15 முதல் 20 சென்ட் வரை நிலம் மடிந்து கிடக்கிறது! அத்தனை பரப்பிலும் நீரும் எண்ணெயும் ஒட்டிக்கொள்ள இடமுண்டு.

கடைகளில் விற்கும் முல்தானி மட்டி இக் குடும்பத்தைச் சேர்ந்ததே. முல்தான் இன்று பாகிஸ்தானில் உள்ள நகரம். மட்டி என்பது மண்ணைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். நம் நாட்டில் இராஜஸ்தானத்தில் இது வெட்டி எடுக்கப்படுகிறது. ஐரோப்பாவில் கம்பளி நெய்தவர்கள் ஆட்டு மயிரின் கொழுப்பைப் போக்க இவ்வகை மண்ணைத் தூவி மிதித்து அலசினார்கள். நம் கொங்கு நாட்டுப் பாட்டிமார் எண்ணெய்க் குளியலுக்கு அரப்பைப் பயன்படுத்தியதை இதனோடு ஒப்பிடலாம். அரப்பு நுரைத்து எண்ணெயைக் கழுவும். களிமண் எண்ணெயை உறிஞ்சி எடுக்கும்.

இனி, முகத்துக்கு வருவோம். பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து உடலில் ஹார்மோன்கள் மிகுவதால் தோலடியிலுள்ள சுரப்பிகள் கூடுதலாக எண்ணெய் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த தோல் அணுக்களும் மயிர்க்கால்களின் வாயை அடைக்கும்போது பரு தோன்றுகிறது. ஆகவே பரு என்பது அழுக்கன்று. பரு வந்தவர் தூய்மையற்றவரும் அல்லர். மூக்கின் மேல் தோன்றும் கரும்புள்ளியின் கருமை கூட அழுக்கினால் வந்ததன்று. தோலின் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய எண்ணெயுமே அதற்குக் காரணம். இதனை அறியாமல் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் மாணவர்கள் பலர். வகுப்புக்குச் செல்லவே நாணுகிறவர்களும் உண்டு. களிமண் பூச்சு மேலே நிற்கும் எண்ணெயை எடுத்து, சில மணி நேரத்துக்கு முகத்தைத் தெளிவாகக் காட்டும். எண்ணெய் சுரப்பதை அது நிறுத்தாது. ஆழ்ந்த பருவைக் குணப்படுத்தவும் செய்யாது.

செய்முறை எளிது. ஒரு கிண்ணத்தில் முதலில் 2 தேக்கரண்டி நீர் அல்லது பன்னீர் விடுங்கள். அதன் மேல் 2 தேக்கரண்டி முல்தானி மட்டியை மெல்லத் தூவுங்கள். நுண்ணிய தூள் பறந்து மூச்சில் கலப்பது நல்லதன்று. அதனால்தான் நீர் முதலில், மண் பிறகு. சற்று நேரம் ஊறவிட்டு, தோசை மாவுப் பதத்தில் குழையுங்கள். வறண்ட தோலுடையவர்கள் நீருக்குப் பதிலாகத் தயிர் சேர்க்கலாம். முதன்முறை முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிக் கழுவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையானால், கண்ணையும் உதட்டையும் விட்டு முகத்தில் மெல்லியதாகப் பூசலாம்.

எவ்வளவு நேரம் வைப்பது? இங்கே கரிசல் நிலத்தை நினைவிற் கொள்ளுங்கள். பூச்சு முற்றும் காய்ந்து வெடிக்கும் வரை வைத்தால், எண்ணெயோடு தோலுக்கு வேண்டிய ஈரமும் போய் எரிச்சல் உண்டாகும். ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியதும், அதாவது சுமார் 10 நிமிடத்தில், வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தேய்க்காமல் கழுவிவிடுங்கள். வாரம் ஒருமுறை போதும்.

சில எச்சரிக்கைகள். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் சேர்க்க வேண்டாம். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. முன்னது மிகுந்த அமிலம், பின்னது காரம். பருவுள்ளவர்கள் கழுவிய பின் முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசுவதும் தகாது. அது மயிர்க்கால்களை மீண்டும் அடைக்கக்கூடும். வயல் மண்ணையும் புற்று மண்ணையும் எடுத்துப் பூசவே கூடாது. ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணில் வாழ்வன. கொதிநீரையும் அவை தாங்கக்கூடியவை. கிள்ளிய பருவின் புண் அவற்றுக்கு வாயிலாகும். மண் சிகிச்சையில் பெரும் நம்பிக்கை கொண்டிருந்த காந்தியடிகளும், 1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறையிருந்தபோது உடல்நலம் குறித்து எழுதிய நூலில், மண்ணைச் சலித்தும், அதன் தூய்மையில் ஐயமிருந்தால் சூடாக்கியும் பயன்படுத்தச் சொன்னார்.

பரு வலியுடன் பருத்தாலும், குழி விழுந்தாலும் வீட்டு மருத்துவத்தோடு நிற்காதீர்கள். அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். காலத்தில் செய்த சிகிச்சை தழும்பைத் தடுக்கும். கடைக்காரர் தரும் களிம்பைக் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் முதலில் முகத்தைப் பளிச்சென்று காட்டி, பின்னர்த் தோலை மெலியச் செய்து பருவையும் பெருக்கும்.

முடிவாக ஒன்று. களிமண் எவரையும் வெளுப்பாக்காது. ஆக்க வேண்டிய தேவையும் இல்லை. தெளிந்த தோல் வேறு, வெளுத்த தோல் வேறு. நம் தோலின் கருநிறம் வெயிலின் கடுமையிலிருந்து காக்க இயற்கை தந்த குடை. கரிசல் மண் கறுத்திருக்கிறதே என்று கொங்கு நாட்டு உழவர் எவரும் வருந்தியதில்லை. அதில் பருத்தி விளைவதைத்தான் பார்த்தார்கள். நீங்களும் கண்ணாடி முன் நிற்கும்போது அவ்வாறே பாருங்கள்.