சட்டம் அறிந்த தாய்

 

தருமபுரி மாவட்டத்து இண்டூரைப் போன்றதோர் ஊரை மனத்தில் கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகம், மாவட்ட நீதிமன்றம், பெரிய மருத்துவமனை எதுவாயினும் தருமபுரிக்குப் பேருந்தேறித்தான் சென்றாக வேண்டும். அத்தகைய ஊரில் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய மகனுக்கு எட்டு வயது. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைப் பிழையின்றி எண்ணி வாங்கி வருவான். பாட்டி சொன்ன கதையை மறுநாள் ஒரு நிகழ்ச்சியும் விடாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் அவனுக்குப் பிடிபடுவதில்லை. 'ப'வும் 'ய'வும் இடம் மாறுகின்றன. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் வியர்த்துப் போகிறான். வகுப்பில் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'மக்கு'. ஒருநாள் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள்: "இவனை வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள் அம்மா. அதுதான் அவனுக்கும் நல்லது."

அந்தப் பள்ளி வாயிலில் நிற்கும் தாய்க்கு இரண்டு வழிகள் உண்டு. மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணீரோடு வீடு திரும்புவது ஒன்று. "ஐயா, இதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா?" என்று பணிவோடும் உறுதியோடும் கேட்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் செல்வதற்குப் பெரும்பொருளும் வேண்டா, பெரிய மனிதரின் பரிந்துரையும் வேண்டா. சில சட்டப் பிரிவுகளைப் பற்றிய தெளிவு இருந்தால் போதும். அந்தத் தெளிவைத் தருவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், சட்டம் கடந்து வந்த பாதையைச் சுருக்கமாகக் காண்போம். இந்தியாவில் உடற்குறையும் உளக்குறையும் உடையோருக்கான முதல் விரிவான சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. அது ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. கண்டவர் 'மக்கு' என்று ஒதுக்கிய அந்தச் சிறுவனின் சிக்கலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. 2007இல் இந்தியா அதனை உறுதிசெய்தது. அதன் விளைவாகவே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பிறந்தது. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஏழாக இருந்த வகைகள் இருபத்தொன்றாயின. புறவுலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், தசைச் சிதைவு, பேச்சுக் குறைபாடு ஆகியவற்றோடு, வாசித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் தோன்றும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் சட்டத்தின் கண்ணுக்குத் தென்பட்டது. அன்று முதல் அந்தச் சிறுவன் மக்கு அல்லன்; சட்டம் பெயர் சொல்லி அறிந்த ஒரு மாணவன்.

கல்வியைப் பற்றி இச்சட்டத்தின் 16ஆம் பிரிவு பேசுகிறது. அரசின் நிதியையோ ஏற்பையோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களும் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வழங்குமாறு அரசும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்று கூறி, அதற்கென எட்டுக் கடமைகளை அது வரிசைப்படுத்துகிறது. வேறுபாடு காட்டாமல் சேர்த்துக்கொண்டு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்புத் தருதல். கட்டடத்தையும் வளாகத்தையும் அணுகத்தக்கதாக்குதல். அவரவர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு செய்தல். தனிப்பட்ட துணை வழங்குதல். பார்வையற்றோருக்கும் செவித்திறனற்றோருக்கும் உரிய மொழியிலும் முறையிலும் கற்பித்தல். கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, தக்க கற்பித்தல் முறையால் அதனை வெல்ல உதவுதல். ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணித்தல். போக்குவரத்து வசதி செய்தல் என்பனவே அந்த எட்டு.

இவற்றுள் ஆறாவது கடமையைத் தாய்மார்கள் நெஞ்சில் நிறுத்த வேண்டும். குறையைக் கண்டறிவது பெற்றோரின் தலையில் மட்டும் சுமத்தப்பட்ட பணியன்று. பள்ளியின் பணியும் அதுவே. கண்டறிந்த பின் செய்ய வேண்டியது கற்பிக்கும் முறையை மாற்றுவது. குழந்தையை மாற்றிவிடுவது அன்று.

"நியாயமான ஏற்பாடு" என்ற சொற்றொடரும் சிந்திக்கத்தக்கது. நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், ஒருவர் மற்றவரோடு சமமாக உரிமையைத் துய்ப்பதற்கு வேண்டிய தகுந்த மாற்றத்தைச் செய்வதே அதன் பொருள். முன்வரிசையில் ஓர் இருக்கை, பெரிய எழுத்தில் ஒரு வினாத்தாள், வாய்மொழியாக விடை சொல்ல ஒரு வாய்ப்பு, தரைத்தளத்திற்கு மாற்றப்பட்ட ஒரு வகுப்பறை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தேவைப்படுவது மனம்.

அடுத்தது 31ஆம் பிரிவு. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உண்டென்று சான்று பெற்ற குழந்தை 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் பயிலும் உரிமை உடையது. பொதுக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிட, இச்சட்டம் மேலும் நான்காண்டுகள் துணை வருகிறது. எந்தப் பள்ளி என்னும் தேர்வு குழந்தைக்கு உரியது என்பதையும் மறக்கலாகாது.

2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தையும் இதனோடு இணைத்துப் படிக்க வேண்டும். தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது அதன் 16ஆம் பிரிவு. உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் துன்புறுத்தலையும் தடுக்கிறது 17ஆம் பிரிவு. நாற்பது பிள்ளைகளின் முன்னே ஒருவனை 'மக்கு' என்று நாள்தோறும் அழைப்பது உள்ளத்தை வருத்துவது அன்றி வேறென்ன? 2012இல் செய்யப்பட்ட திருத்தத்தால் மாற்றுத்திறனுடைய குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருள் சேர்க்கப்பட்டனர். கடுமையான குறைபாடு உடைய குழந்தை வீட்டிலிருந்தே பயிலவும் வழி செய்யப்பட்டது. எனினும் அது குடும்பத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பள்ளி கதவடைப்பதற்கு அதனைக் கருவியாக்கலாகாது.

இங்கே சமண சமூகம் தனியே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2014 ஜனவரி 27ஆம் நாள் மத்திய அரசு சமணரைத் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் பிரமாதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினரின் பள்ளிகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது என்று 2025 செப்டம்பரில் இருவர் அமர்வு ஒன்று கருத்துரைத்துத் தலைமை நீதிபதியின் முன் வைத்தது. அவ்வழக்கு எவ்வாறு முடியினும், ஒன்று தெளிவு. அத்தீர்ப்பு எழுந்தது கல்வி உரிமைச் சட்டத்தைப் பற்றி. அரசு ஏற்புப் பெற்ற நிறுவனங்களைப் பற்றிப் பேசும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சிறுபான்மைப் பள்ளி என்று எதையும் விலக்கிப் பேசவில்லை. சமூக அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளில் ஒரு சரிவுப் பாதை உண்டா, சிறப்பாசிரியர் ஒருவர் உண்டா, சேர்க்கைக்கு வரும் அத்தகைய குழந்தையை எவ்வாறு வரவேற்கிறார்கள் என்று அறங்காவலர்கள் தாமே கேட்டுக்கொள்வது நன்று. கல்விக்கூடத்திற்குப் 'பள்ளி' என்னும் பெயரை வழங்கிய மரபுக்கு அந்தக் கடமை சற்று மிகுதியாகவே உண்டு.

இனித் தேர்வைப் பற்றிய செய்தி. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய மாற்றங்களைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே பெயர் சுட்டிக் கூறுகிறது. மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிமுறை, மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத ஈட்டு நேரம் தர வேண்டும் என்றது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது ஒரு மணி நேரமாகும். எழுதும்போது கை இறுகிவிடும் சிக்கலுடைய ஒருவர், 40 விழுக்காடு இல்லை என்று சொல்லி எழுதுபவரை மறுத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். விகாஷ் குமார் வழக்கு எனப்படும் அதில் 2021 பிப்ரவரி 11 அன்று, நியாயமான ஏற்பாட்டைப் பெறுவதற்கு 40 விழுக்காடு ஒரு தடையாகாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விழுக்காட்டைக் காட்டி விரட்டப்படும் பெற்றோர் இத்தீர்ப்பின் பெயரை நினைவில் கொள்ளட்டும்.

இத்தனை இருந்தும் பல குடும்பங்கள் பயன் பெறாமைக்குக் காரணம் சட்டத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம்; அக்காளுக்கு வரன் தேடும்போது கேள்வி எழும் என்ற கவலை; 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று உறவினர் சொல்லும் ஆறுதல். தாத்தாவும் பாட்டியும் இவற்றை அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பில் குழந்தையின் மூன்று நான்கு ஆண்டுகள் கரைந்துபோகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது சலுகை கோரி ஓடும் குடும்பம், மூன்றாம் வகுப்பிலேயே ஓடியிருந்தால் பையனுக்கு வாசிக்கவே வந்திருக்கலாம். சான்றிதழ் என்பது குடும்பத்தின் மீது குத்தப்படும் முத்திரையன்று. பூட்டிய கதவு ஒன்றுக்குரிய திறவுகோல் அது. திறவுகோலை மறைத்து வைத்துவிட்டுக் கதவைக் குறை கூறுவதில் பயனில்லை.

அந்த இண்டூர்த் தாய் செய்யத்தக்கவை எவை? முதலாவது, வாய்ச்சொல்லோடு நில்லாமல் தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம் தந்து, படியில் கையொப்பமும் தேதியும் பெறுதல். "மறுத்தார்கள்" என்ற பேச்சைவிட, மறுத்ததைக் காட்டும் ஒரு தாள் வலிமை உடையது. இரண்டாவது, வட்டார வள மையத்தை அணுகுதல். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே சிறப்புப் பயிற்றுநரின் வழிகாட்டுதலும் மருத்துவ முகாம் பற்றிய செய்தியும் கிடைக்கும். மூன்றாவது, தருமபுரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தல். நான்காவது, தீர்வு கிட்டாவிடில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு முறையிடுதல். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 இலட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க 89ஆம் பிரிவு இடம் தருகிறது. ஐந்தாவது, வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்காதிருத்தல். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும் மாற்றுத்திறனாளிகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கென அலுவலகம் உண்டு.

ஆசிரியர்களின் நிலையையும் நியாயமாக எண்ணிப் பார்க்க வேண்டும். நிறைந்த வகுப்பில் தனித்த கவனம் தருவது எளிதன்று. அதனால்தான் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் விகிதத்தை வரையறுக்குமாறு பணித்தது. தொடக்க வகுப்புகளில் பத்து மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து மாணவருக்கு ஒருவர் என்பது அதன்பின் வகுக்கப்பட்ட அளவு. அவ்விகிதம் ஒவ்வொரு சிற்றூர்ப் பள்ளியிலும் நிறைவேற இன்னும் நெடுந்தொலைவு செல்ல வேண்டும். ஆதலின் பெற்றோர் ஆசிரியரைப் பகைவராகக் கருதாமல், இருவரும் சேர்ந்து சிறப்பாசிரியர் வேண்டுமென்று கேட்பதே அறிவுடைமை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அதற்கு உரிய களம்.

சமூகம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. உணவு, மருந்து, அறிவு, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் அறிவுத் தானத்தைப் போற்றி வளர்ந்த குடும்பங்கள் இவை. ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோருக்குப் பரிசளிக்கும் மேடைகள் பல உண்டு. அம்மேடையில், எழுதுபவரின் துணையோடு தேர்வெழுதித் தேறிய ஒரு பிள்ளையையும் பெற்றோரோடு ஏற்றிச் சிறப்பித்தால், மறைந்து வாழும் பத்துக் குடும்பங்களுக்கு வெளியே வரும் துணிவு பிறக்கும். உறவில் படித்த இளைஞர் ஒருவர் ஓர் ஏழைத் தாயோடு மாவட்ட அலுவலகத்திற்கு ஒருநாள் உடன் சென்று விண்ணப்பம் எழுதித் தந்தால், அதுவும் தானமே.

பள்ளி வாயிலில் நின்ற அந்தத் தாயை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள். அவள் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் அவள் கேட்டிருப்பது இரக்கம் அன்று. பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அவள் மகனுக்கு முன்னமே கொடுத்துவிட்ட ஒன்று. அவள் பின்னால் சிறுவன் நிற்கிறான். தன் பொருட்டு அம்மா தலைகுனியவில்லை என்பதை அவன் பார்க்கிறான். எழுத்து அவனுக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆகலாம். இந்தப் பாடம் அன்றே பிடிபட்டுவிடும்.