நூலுக்குக் கணக்கு உண்டு, நெசவாளிக்குக் காவல் எங்கே?

(செல்லூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



அணுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "கல்லூரியைப் பாதியிலே விட்டவனுக்கு அணு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும்! அணுவைப் பிளப்பதற்குத்தான் படிப்பு வேண்டும். "எங்கள் உயிருக்கு யார் காவல்?" என்று கேட்பதற்குப் பட்டம் எதற்கு? இந்நாட்டுக் குடிமகன் என்ற உரிமை ஒன்று போதும்!

ஜவுளி முதலாளி நூலை நிறுத்துத்தான் தருகிறார். நெய்த துணி திரும்பும்போது அதுவும் தராசு ஏறுகிறது. துணி இவ்வளவு, கழிவு இவ்வளவு. இரண்டையும் கூட்டினால் கொடுத்த நூலுக்குச் சரியாக வரவேண்டும். குறைந்தால், "நூல் எங்கே போயிற்று?" என்ற கேள்வி பிறக்கும். செல்லூருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வியன்னா நகரிலே இருக்கிறது சர்வதேச அணுசக்தி முகமை. 1953 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர், அணு அமைதிக்கே பயன்படட்டும் என்று ஐ.நா. மன்றத்திலே முழங்கினார். 1957-இல் முகமை பிறந்தது. அன்றே இந்தியாவும் உறுப்பு நாடாயிற்று. அதன் தலையாய பணி என்ன? நமது ஜவுளி முதலாளியின் பணிதான்! உலைக்குள் எவ்வளவு எரிபொருள் போயிற்று, எரிந்தபின் எவ்வளவு வந்தது என்று கணக்குப் பார்க்கிறது. முத்திரை வைக்கிறது, காமிரா பொருத்துகிறது, ஆய்வாளரை அனுப்புகிறது. ஏன் இத்தனை கண்டிப்பு? உலையிலே எரியும் யுரேனியத்துக்குள் புளுட்டோனியம் பிறக்கிறது. எட்டுக் கிலோ காணாமற்போனால் ஒரு குண்டுக்கு வழி பிறந்துவிடும் என்பது முகமையின் அளவுகோல். எட்டே கிலோ, தோழர்களே! ஒருவன் கையில் தூக்கிச் செல்லும் எடை!

இந்தக் கணக்கின் அவசியத்தை உலகுக்கு உணர்த்திய நாடுகளில் ஒன்று இந்தியா. கனடா தந்த ஆராய்ச்சி உலை, அமைதிப் பணிக்கென்று வந்தது. அதிலே பிறந்த புளுட்டோனியம், 1974 மே 18 அன்று பொக்ரானிலே வெடித்தது. உலக அணுவணிகம் கதவைச் சாத்தியது. அமைதி உலைகள் இவை, ஏனையவை இவை என்று பாகம் பிரித்த பிறகே, 2008-இல் கதவு திறந்தது. 2009-இல் முகமையோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ருஷ்ய நாடு தந்த கூடங்குளம் உலைகள் அந்தத் தராசுக்கு உட்பட்டவை. கல்பாக்கத்து உலைகளோ அப்பாகப் பிரிவினையில் வெளியே நிறுத்தப்பட்டவை.

கணக்கு வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால், நூலை நிறுக்கும் தராசு, விசைத்தறியிலே தொழிலாளியின் கை சிக்குமா என்று பார்க்குமா? பார்க்காது! அது வேறு வேலை. உலை வெடிக்காமல் காக்கும் வேலையிலே, முகமை நெறிமுறை வகுக்கும், அழைத்தால் வல்லுநரை அனுப்பும், அறிவுரை கூறும். ஆணையிடும் அதிகாரம் அதற்கில்லை. பொறுப்பு அந்தந்த நாட்டினுடையது.

சான்று கேட்பீர்கள். ஜப்பானைப் பாருங்கள்! முகமையின் கணக்குக்கு முற்றும் உட்பட்ட நாடு. எனினும், 2011 மார்ச் 11 அன்று கடல் பொங்கிற்று; புகுஷிமாவிலே மூன்று உலைகள் உருகின. 15 மீட்டரைத் தாண்டி அலை எழக்கூடும் என்று 2008-லேயே உலை நடத்திய நிறுவனத்துக்குள் கணக்கிட்டிருந்தார்கள். கணக்கு இருந்தது, காவல் இல்லை! காரணம்? அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே அதைக் கண்காணிக்கும் அமைப்பும் இருந்தது. இது மனிதரால் விளைந்த கேடு என்று 2012-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவே உரைத்தது.

நாடகம் எழுதுபவன் நான். இரட்டை வேடம் மேடைக்கு அழகு, ஆட்சிக்கு ஆபத்து! இங்கு என்ன நடந்தது? 1983-இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அரசாணையால் பிறந்தது. உலை நடத்தும் நிறுவனம் அணுசக்தித் துறையின் கீழ். வாரியமோ, அத்துறைச் செயலாளரே தலைவராக வீற்றிருந்த ஆணையத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது. 2012-இல் தணிக்கைத் துறைத் தலைவர் இக்குறையைச் சுட்டினார். 2015-இல் முகமையின் வல்லுநர் குழுவே வந்து பார்த்து, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்திலே பொறியுங்கள் என்றது. 2025 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. அதே சட்டம் தனியார் முதலாளிகளுக்கும் உலைக்கதவைத் திறந்துவிட்டது! காவலன் பலம் பெற்றானா என்று நாம் பார்த்து முடிக்குமுன்னரே, காக்கப்பட வேண்டிய வாசல்கள் பெருகுகின்றன.

இடிந்தகரை மீனவத் தாய்மார்கள் கேட்டது என்ன? எங்கள் கடலோரத்தில் நிற்கும் உலையைப் பற்றிய ஆய்வு அறிக்கையை எங்களுக்குக் காட்டுங்கள் என்பதும் அவர்கள் கேள்விகளுள் ஒன்று. மத்தியத் தகவல் ஆணையம் 2012-இல் அறிக்கையை வெளியிடச் சொன்னது. நிறுவனமோ நீதிமன்றம் சென்றது. வியன்னாவுக்குத் திறக்கும் கணக்கேடு, இடிந்தகரைக்கு மூடிக்கொள்வதா? அந்நியருக்குப் பதில் உண்டு, அண்டை வீட்டாருக்கு இல்லை என்பதா?

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விசைத்தறி ஓடும் செல்லூரிலே நின்று அப்படிச் சொல்வேனா? நான் கேட்பவை மூன்றே. வாரியத் தலைவரை அமர்த்துவதிலே உலை நடத்துவோர் கை இருக்கக் கூடாது. 2012-இல் ராஜஸ்தான் உலைகளைப் பார்வையிட முகமையின் வல்லுநரை அரசு அழைத்ததே, அதுபோலக் கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் தவணை தவறாமல் அழைக்க வேண்டும். அவர்கள் கூறுவது தமிழிலே, அந்தந்த ஊராட்சி மன்றத்திலே, எல்லோரும் படிக்கக் கிடைக்க வேண்டும்.

தோழர்களே! நாளை தராசு முன் நிற்கும்போது எண்ணிப் பாருங்கள். நூலுக்கு இத்தனை கணக்குக் கேட்கும் உலகத்திடம், உயிருக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லையா? உண்டு! அதைத் தெருத்தெருவாகச் சென்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்!