கைகட்டி நின்றவர் யார்?

1998 ஜனவரி 15ஆம் நாள் ஜகார்த்தாவில் எடுக்கப்பட்ட படம் நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ குனிந்து கையெழுத்திடுகிறார். அனைத்துலகப் பண நிதியத்தின் தலைவர் மிஷல் காம்டெசு அருகே கைகளைக் கட்டியபடி நிற்கிறார். தமிழர் வழக்கில் கைகட்டி நிற்பது பணிவின் அடையாளம். அன்று ஆசியா அதை வேறு விதமாகவே படித்தது.

கடன் கொடுப்பவர் ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் தலையிடும் வழக்கம் எப்போது தொடங்கியது? 1944இல் பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டில் பண நிதியமும் உலக வங்கியும் உருவான கதையைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். வரலாற்றாசிரியர் ஜேமி மார்ட்டின் 2022இல் வெளியிட்ட 'தி மெட்லர்ஸ்' என்ற நூல் அதற்கும் பின்னே, முதல் உலகப் போர்க் காலத்துக்குப் போகிறது. எகிப்து, துருக்கி, சீனா போன்ற நாடுகளின் வருவாயில் வெளியார் கைவைப்பது அதற்கு முன்பே நடந்ததுதான். ஐரோப்பிய நாடு ஒன்றுக்கும் அதே கதி வந்தபோதுதான் பெரும் சர்ச்சை கிளம்பியது.

அந்த நாடு ஆஸ்திரியா. 1922இல் பணவீக்கத்தில் மூழ்கிய அதற்கு, ஐநாவுக்கு முன்பிருந்த உலக நாடுகள் சங்கம் 650 மில்லியன் தங்கக் கிரவுன் கடனுக்கு வழி செய்தது. பதிலுக்கு, ராட்டர்டாம் நகரின் மேயராக இருந்த ஆல்பிரட் சிம்மர்மன் வியன்னாவுக்கு வந்து அமர்ந்தார். அரசு தன் கடன் பணத்தை எடுக்கவே அவருடைய ஒப்புதல் தேவைப்பட்டது. ஒரு லட்சம் அரசு ஊழியர்களைக் குறைப்பதும் நிபந்தனை. 1926 வரை இந்தக் கண்காணிப்பு நீடித்தது.

ஆஸ்திரியாவுக்குக் குறைகூறவாவது ஒரு நாடாளுமன்றம் இருந்தது. மலாயாவுக்கு அதுவும் இல்லை. 1931இல் ஈய உற்பத்திக்கும் 1934இல் ரப்பர் உற்பத்திக்கும் அனைத்துலக ஒப்பந்தங்கள் வரம்பு கட்டின. விலையை உயர்த்துவதே நோக்கம். மலாயாவின் பெயரால் கையெழுத்திட்டது பிரிட்டன். புதிதாக ரப்பர் நடத் தடை வந்தது. சிறு தோட்டக்காரர்களுக்கு உரிய பங்கைவிடக் குறைவாகவே ஒதுக்கப்பட்டது என்று பொருளியலாளர் பி.டி. பவுர் 1948இல் வெளிவந்த நூலில் காட்டினார். தோட்டப் பாட்டாளிகளின் நிலை அதைவிட மோசம். ரப்பர் விலை சரிந்த 1930க்கும் 1932க்கும் இடையில் ஏராளமான இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள், கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

1998இல் மலேசியா பண நிதியத்திடம் கடன் வாங்கவில்லை. செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு விதித்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மதிப்பை நிறுத்தியது. அந்த நிலையான மதிப்பு 2005 ஜூலை வரை இருந்தது. இதைத் துணிச்சல் என்று மட்டும் புகழ்வது பாதிக் கதை. அண்டை நாடுகள் அளவுக்குக் குறுகிய கால வெளிநாட்டுக் கடன் இல்லாததால்தான் மறுக்க முடிந்தது.

மூலதனக் கட்டுப்பாடு சில வேளைகளில் பொருத்தமானதே என்று 2012இல் பண நிதியமே ஒப்புக்கொண்டது. வாக்குக் கணக்கு மட்டும் அவ்வளவாக அசையவில்லை. முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது.