உள்ளமைப்பும் முறியா உறுதியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இம்முறை அறிவியற் பொருள் ஒன்றைப் பேசுமாறு செயலாளர் பணித்தார். ஆகவே, நம் இல்லங்களில் நாளும் புழங்கும் பிளாஸ்டிக்கையே எடுத்துக்கொண்டோம். ஒரு பிளாஸ்டிக் பொருள் கை தவறி விழுந்ததும் நொறுங்குகிறது. மற்றொன்று பன்முறை விழுந்தும் முறியாதிருக்கிறது. இவ்வேற்றுமை எங்கிருந்து வருகிறது?

முதற்கண் ஒன்றைத் தெளிந்துகொள்வோம். கடினம் வேறு, முறியா உறுதி வேறு. கண்ணாடி வளையல் கடினமானது. நகத்தால் கீற இயலாது. ஆயினும் ஒரே தட்டில் உடைகிறது. தோற்செருப்பு மெத்தென்றது, எத்தனை அடி பட்டாலும் உடைவதில்லை. வந்து மோதும் ஆற்றலைத் தன்னுள் வாங்கிச் செலவழித்துவிடும் திறமே முறியா உறுதி.

பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் கண்ணாடி இயல்பினது. தெளிவும் விறைப்பும் உண்டு, எளிதில் முறியும். இதனுள் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக ரப்பரைச் சேர்த்தால் பெரும் மாறுதல் உண்டாகிறது. 1940-களின் இறுதியில் அமெரிக்காவின் டௌ கம்பெனி இத்தகைய பிளாஸ்டிக்கை விற்பனைக்குக் கொணர்ந்தது. குளிர்சாதனப் பெட்டியின் உட்சுவர் பெரும்பாலும் இவ்வகைக் கலவைப் பிளாஸ்டிக்கால் ஆனதே.

ரப்பரைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. ரப்பரும் பாலிஸ்டைரீனும் எண்ணெயும் நீரும் போல ஒன்றையொன்று ஏற்காதவை. வெறுமனே உருக்கிப் பிசைந்தால் ரப்பர் பெருந்துளிகளாகத் திரண்டு நிற்கும். துளியின் விளிம்பிலேயே பொருள் பிளந்துகொள்ளும். ஆகவே, பாலிஸ்டைரீன் ஆவதற்கு முந்திய நீர்ம நிலையிலேயே ரப்பரைக் கரைத்துவிட்டு, இடைவிடாது கலக்கியவாறே அந்நீர்மத்தைப் பிளாஸ்டிக்காக மாற்றுகிறார்கள். அப்போது பாலிஸ்டைரீன் இழைகள் சில, ஒட்டு மாங்கன்றுபோல, ரப்பர் இழையின் மீதே முளைத்து வளர்கின்றன. அவ்வொட்டு இழைகள் இருபாலும் பற்றிக்கொள்வதால், ரப்பர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில பங்கு வரை அளவுள்ள நுண்மணிகளாய் எங்கும் பரவி நிற்கிறது.

இப்பொருள்மீது அடி விழும்போது நிகழ்வது யாது? வெறும் பாலிஸ்டைரீனில் விரிசல் ஒன்று தோன்றினால், தடையின்றி ஓடிப் பொருளை இரண்டாக்கும். ரப்பர் மணிகள் உள்ள பொருளிலோ, மணிக்கு மணி எண்ணற்ற நுண்கீறல்கள் ஒருங்கே எழுகின்றன. அக்கீறல்களின் இரு கரைகளையும் மெல்லிய இழைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அடியின் ஆற்றல் இவ்வாறு ஆயிரமாயிரமாகப் பங்கிடப்பட்டுச் செலவாகிறது. இத்தகைய பிளாஸ்டிக்கை வளைத்தால் வளைந்த இடம் வெளுப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வெண்மை இந்நுண்கீறல்களின் அடையாளமே.

ரப்பர் விளையும் நாட்டில் வாழும் நமக்கு இது அயலார் செய்தியன்று. நம் நகருக்கு வடக்கே, கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சாபு தாமஸ் அவர்களும் உடனுழைத்தோரும் 1990-களில் இயற்கை ரப்பரையும் பாலிஸ்டைரீனையும் கலந்து ஆராய்ந்தனர். இரண்டின் இழைகளும் ஒட்டப்பெற்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தபோது, கலவையில் சிதறிநிற்கும் துளிகள் நுண்ணியவாயின. கலவையின் பண்பைத் திருத்துவது எல்லையிலுள்ள பிணைப்பே என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நகரிலேயும் சான்று உண்டு. பாப்பனங்கோட்டில் 1975-இல் தோன்றி, பின்னர் வட்டார ஆராய்ச்சிக்கூடம் எனப் பெயர்பெற்று, இன்று தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்பக் கழகம் என வழங்கும் நிலையத்தார், 1987-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கற்றாழை, அன்னாசி, வாழை, தென்னை ஆகியவற்றின் நார்களைத் தனித்தனியே பாலியெஸ்டர் பிசினில் பதித்து, அடித்து முறித்துப் பார்த்தனர். கற்றாழை நாரே முதன்மை பெற்றது. இழுத்தால் மிகுதியும் நீளுவது தென்னை நாராயினும் அது முந்தவில்லை. நாரினுள் நுண்ணிழைகள் திருகுபோலச் சுற்றிச் செல்கின்றன. கற்றாழையில் அத்திருகு ஏறத்தாழ இருபது பாகைச் சாய்வுடையது. அச்சாய்வே அடியைத் தாங்குவதற்கு ஏற்றதாயிற்று. இங்கும் உள்ளமைப்பே பேசுகிறது.

இதனால் இல்லத்தார்க்கு ஒரு கடமையும் உண்டு. தண்ணீர்ப் பாட்டில் ஒரு பிளாஸ்டிக். பால் உறை மற்றொரு பிளாஸ்டிக். இவற்றைப் பிரிக்காது ஒன்றாக உருக்கினால், ஒன்றையொன்று பற்றாத துளிகளாய் நின்று, எளிதில் உடையும் தாழ்ந்த பொருளே கிடைக்கும். ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாயிலுக்கு வரும்போது, கழுவி உலர்த்தி வகைபிரித்துக் கொடுப்போமானால், அவர்கள் உழைப்பு வீண்போகாது. பழைய பொருள் உறுதியான புதுப்பொருளாகும் வழியும் திறக்கும்.

இறுதியாக ஒரு சொல். ரப்பர் முற்றும் கரைந்து மறைந்தால் பிளாஸ்டிக்குக்கு இவ்வுறுதி கிட்டாது. ஒருபால் திரண்டு ஒதுங்கினாலும் கிட்டாது. தன் இயல்பு கெடாமல், எங்கும் பரவி, சுற்றியுள்ளதை இறுகப் பற்றி நிற்கும்போதே முழுப்பொருளும் உரம் பெறுகிறது. மலையாள மண்ணில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் இதை எண்ணிப் பார்ப்பது நன்று. பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழைக் கற்பிப்போம். அண்டை வீட்டாரோடு அவர்கள் மலையாளத்திலேயே அளவளாவட்டும். அவ்விரண்டும் சேர்ந்தால் நமக்கும் உறுதி, இந்நாட்டுக்கும் உறுதி.